மழையில் நனையும் சாய்வு நாற்காலிகள்: இங்கிலாந்தின் பழைய கடற்கரை ஊர்கள் ஏன் ஏங்க வைக்கின்றன?

இங்கிலாந்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு மழை நாளில் போனால் ஒரு காட்சி கண்ணில் படும். கடலைப் பார்த்தபடி வரிசையாகக் கார்கள் நிற்கும். கண்ணாடிகளில் ஆவி படிந்திருக்கும். உள்ளே வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் காகிதத்தில் பொதிந்த மீனும் சிப்ஸும், நடுவில் பிளாஸ்கில் டீ. வைப்பர் எப்போதாவது ஒரு தடவை போய்விட்டு வரும். சாம்பல் நிறக் கடல் ஒரு கணம் தெரியும், மறுபடி மங்கிவிடும். யாரும் இறங்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு, திருப்தியாக வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

முதல் தடவை பார்த்தபோது இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். குளிரில் ஐம்பது மைல் ஓட்டிக்கொண்டு வந்தது காருக்குள்ளேயே உட்காரவா? ஆனால் இந்தக் காட்சி புரிந்துவிட்டால் அந்த ஊர்களின் மேல் ஆங்கிலேயர்களுக்கு இருக்கும் விசித்திரமான பாசமும் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். கடற்கரை ஊர் என்றால் நமக்கு மீனவர் குப்பமோ துறைமுகமோ கோயிலோ நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி அல்ல. பொழுதுபோக்குக்கென்றே வளர்ந்த ஊர்கள் இவை. பிளாக்பூல், பிரைட்டன், ஸ்கார்பரோ, மார்கேட், சவுத்எண்ட், ஸ்கெக்னஸ், குரோமர், வெஸ்டன்-சூப்பர்-மேர் என்று இங்கிலாந்தின் கரையைச் சுற்றிலும் இருக்கின்றன. சில ஊர்களில் முன்பு மீன்பிடித் தொழில் இருந்தது. பிறகு விருந்தாளிகளே தொழிலாகிவிட்டார்கள்.

இவை தொடங்கியது வேடிக்கைக்காகக்கூட இல்லை, வைத்தியத்துக்காக. ஸ்கார்பரோவில் 1620-களில் மலையடிவாரத்து ஊற்றுநீர் உடம்புக்கு நல்லது என்ற பேச்சு பரவி, பணக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். 1750-இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் மருந்து என்று லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளித்தால் மட்டும் போதாதாம், குடிக்கவும் வேண்டுமாம். பிரைட்டன் என்ற சின்ன மீன்பிடி ஊருக்கு அவரால் ஜனம் குவிந்தது. குளிக்கப் போகிறவர்கள் சக்கரம் வைத்த மரப்பெட்டி ஒன்றுக்குள் ஏறி உடை மாற்றிக்கொள்வார்கள். குதிரை அந்தப் பெட்டியைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கக் கதவைத் திறந்தால் நேரே கடல்தான். 1789-இல் அரசர் மூன்றாம் ஜார்ஜ் வெய்மத்தில் முழுக்குப் போட்டபோது, பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு வாத்தியக் குழு அரச வாழ்த்து வாசித்தது.

இந்தக் கதையில் நம் துணைக்கண்டத்துக்காரர் ஒருவருக்கும் இடம் உண்டு. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது பிரைட்டனில் நீராவிக் குளியல் கூடம் நடத்தினார். 'சாம்போ' என்று இந்துஸ்தானியில் சொல்லும் எண்ணெய் பிடித்துவிடும் வேலைதான் அவரது சிறப்பு. நாலாம் ஜார்ஜுக்கும் நாலாம் வில்லியத்துக்கும் அவர் அந்தச் சேவை செய்தார். நாம் தலைக்குப் போடும் ஷாம்புவின் பெயர் அந்தச் சொல்லில் பிறந்ததுதான்.

மில் நின்றால் ஊரே கிளம்பும்

சரி, அரசர்களும் சீமாட்டிகளும் வந்துபோன இடம் எப்படிச் சாதாரண ஜனங்களின் ஏக்கமாக மாறியது? ரயிலால்தான். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1841-இல் ரயில் வந்தது, பிளாக்பூலுக்கு 1846-இல். 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்து, ஆண்டில் சில நாட்களாவது சட்டப்படி விடுமுறையாயின.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வடக்கே லங்காஷயர் பஞ்சாலைகளின் கதை. அங்கே 'வேக்ஸ் வாரம்' என்று ஒன்று இருந்தது. ஆதியில் அது மாதாகோயில் திருவிழா. ஆலைகள் வந்த பிறகு, ஆண்டுக்கு ஒரு வாரம் ஊரிலுள்ள எல்லா மில்லையும் ஒரே நேரத்தில் நிறுத்தி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வாரமாக அது மாறிவிட்டது. புகைபோக்கிகள் ஓய்ந்து வானம் தெரியும். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு பிளாக்பூல் ரயிலைப் பிடிக்கும். அந்த வாரத்துக்கு வெகுகாலம் சம்பளம் கிடையாது. அதனால் ஆண்டு முழுக்க வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிப்புச் சங்கத்தில் கட்டி வைப்பார்கள், நம் தீபாவளிச் சீட்டு மாதிரி. சம்பளத்துடன் விடுமுறை என்ற சட்டம் 1938-இல்தான் வந்தது. மறு ஆண்டே போர் மூண்டுவிட்டதால், அதை நிம்மதியாக அனுபவிக்க 1945-க்குப் பிறகுதான் முடிந்தது.

ஒவ்வொரு மில் ஊருக்கும் வேறு வேறு வாரம். ஆகவே பிளாக்பூலுக்குக் கோடை முழுக்கக் கூட்டம். இந்த வாரம் ஓல்டம்காரர்கள் என்றால் அடுத்த வாரம் பர்ன்லிக்காரர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் தறியில் பக்கத்தில் நிற்பவரும் கடற்கரையிலும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். வேலையிலிருந்து தப்பித்தார்களே தவிர, தெருவிலிருந்து தப்பிக்கவில்லை! போன ஆண்டு தங்கிய அதே விடுதி, அதே அறை, மாலையில் அதே சாப்பாடு. அப்பாவைச் சிறுவயதில் கூட்டிவந்த இடத்துக்கு அவர் தன் பிள்ளையைக் கூட்டிவருவார். திரும்பத் திரும்ப அதே இடம் என்பது இங்கே முக்கியம், பின்னால் அதற்கு வருகிறேன்.

எல்லாம் மழைக்காகச் செய்ததுதான்

இந்த ஊர்களில் இருக்கும் சாமான்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

முதலாவது பியர். கரையிலிருந்து கடலுக்குள் இரும்புத் தூண்கள் மேல் நீளும் பலகைப் பாலம். புதுச்சேரிக் கடலில் வரிசையாக நிற்கும் பழைய பாலத்தின் கம்பங்களைப் பார்த்தவர்களுக்கு உருவம் உடனே பிடிபடும். முதலில் இவை நீராவிக் கப்பலிலிருந்து ஆட்கள் இறங்குவதற்காகக் கட்டியவை. சவுத்எண்டில் தேம்ஸ் நதியின் முகத்துவாரம் சேறும் ஆழமின்மையுமாக இருப்பதால், கப்பல் நிற்கும் ஆழம் வரை பாலத்தை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் அது 2 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. உல்லாசத்துக்கான பியர்களில் உலகிலேயே நீளமானது அதுதான். பாலத்தின் மேலேயே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. கப்பலில் வந்தவர்கள் பாலத்திலேயே உலாத்துவதைப் பார்த்தவர்களுக்கு வியாபாரம் விளங்கிவிட்டது. வாசலில் காசு வாங்கினார்கள், நுனியில் நாடகக் கொட்டகை கட்டினார்கள், நடுவில் விளையாட்டு இயந்திரங்கள் வைத்தார்கள். கப்பல் பயணத்துக்குப் பயப்படுகிறவன்கூடச் சில்லறைக் காசுக்குக் கடல் மேல் நடந்துவிட்டு வரலாம். யூஜீனியஸ் பர்ச் என்ற பொறியாளர் மட்டும் இப்படி 14 பியர்களை வடிவமைத்தார்.

அடுத்தது 'ராக்' என்ற குச்சி மிட்டாய். வெளியே ரோஜா நிறம், உள்ளே வெள்ளை. குச்சியை எங்கே கடித்தாலும் நடுவில் ஊர்ப்பெயர் சிவப்பில் தெரியும். கடைசி துண்டு வரைக்கும் இருக்கும். எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை, எழுதுகோல் மாதிரி ஏதாவது உள்ளே செலுத்துகிறார்களோ என்று நினைத்தேன். விஷயம் வேறு. காய்ச்சிய சர்க்கரைப் பாகில் ஒரு பகுதியை ஜவ்வு மிட்டாய் போல இழுத்து இழுத்து மடித்தால், காற்று புகுந்து அது வெள்ளையாகிவிடும். இன்னொரு பகுதிக்குச் சிவப்பு நிறம் ஏற்றுவார்கள். இரண்டையும் பட்டை பட்டையாக அடுக்கி ஒவ்வொரு எழுத்தையும் கைமுழ அளவில் பெரிதாகக் கட்டுவார்கள். சதுரமான எழுத்துகளை முதலிலும், வட்டமானவற்றைக் கடைசியிலும் செய்வதுதான் வழக்கம். பாகு சூடாக இருக்கும்போது வட்டம் அமுங்கிவிடும் இல்லையா? எழுத்துகளை வெள்ளைத் தண்டைச் சுற்றி அடுக்கி, மேலே ரோஜா நிறப் போர்வை சுற்றினால், ஓர் ஆள் தூக்க முடியாத உருளை தயார். அதை உருட்டி இழுத்து விரல் பருமனுக்கு மெலிய வைப்பார்கள். பெரிய எழுத்து அப்படியே கூடவே சிறுத்து, கடுகளவாகி நிற்கும். சுவையில் ஒன்றுமில்லை, புதினா போட்ட சர்க்கரை. பல் போனால் பொறுப்பல்ல.

அப்புறம் பஞ்ச், ஜூடி கைப்பாவை ஆட்டம். கோடு போட்ட துணிக் கூண்டுக்குள் ஒரே ஆள் நின்று இரண்டு கையிலும் பாவைகளை ஆட்டுவார். அவரைப் 'பேராசிரியர்' என்று அழைப்பார்கள், ஏன் என்று கேட்காதீர்கள். கூன் முதுகும் கொக்கி மூக்குமாக இருக்கும் பஞ்சின் கீச்சுக்குரலுக்காக வாய்க்குள் ஒரு சின்னக் கருவியை அடக்கிக்கொள்வார். கதை என்னவென்றால், பஞ்ச் மனைவியை அடிப்பான், குழந்தையைத் தூக்கி எறிவான், போலீஸ்காரரை அடிப்பான், முதலை வந்து சாஸேஜைத் திருடிக்கொண்டு போகும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சாமுவேல் பீப்பிஸ் 1662 மே மாதம் லண்டனில் இதன் முன்னோடி ஒன்றைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆகவே கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோதே இது பழசுதான்.

கழுதைச் சவாரி, கோடு போட்ட கான்வாஸ் சாய்வு நாற்காலி, பலவண்ண மரக் குடில்கள், 2 பென்ஸ் நாணயம் போட்டால் மற்ற நாணயங்களைத் தள்ளிவிடும் இயந்திரம் என்று இன்னும் நிறைய இருக்கிறது. பிளாக்பூல் கழுதைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

இத்தனைக்கும் பின்னால் இருப்பது மோசமான வானிலை. இங்கிலாந்துக் கோடையை நம்ப முடியாது. ஆனால் மில் தொழிலாளிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாரம், அந்த வாரத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. போதாக்குறைக்கு, விடுதி நடத்தும் அம்மாள் காலை உணவு முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார், மாலைச் சாப்பாட்டுக்குத்தான் மறுபடி கதவு திறக்கும். குழந்தை குட்டிகளோடு மழையில் எங்கே போவது? அதற்காகத்தான் நடைபாதை நெடுகக் கண்ணாடி போட்ட காற்று மறைப்புகள், கூரை வேய்ந்த நடன மண்டபங்கள், பியர் நுனியில் கொட்டகை, நாணய இயந்திரக் கூடங்கள் எல்லாம் வந்தன. 1894-இல் திறந்த பிளாக்பூல் கோபுரத்தின் உயரம் 158 மீட்டர். ஈஃபிலைப் பார்த்துக் கட்டியது. அதன் காலடியிலும் சர்க்கஸும் நடன மண்டபமும் கூரைக்கு உள்ளேதான் இருக்கின்றன. கோடை முடிந்தும் ஆட்கள் வர வேண்டும் என்று இலையுதிர் காலத்தில் கடற்கரை முழுக்க விளக்கு அலங்காரம் செய்தார்கள். சுருக்கமாக, வெயில் வராவிட்டாலும் சந்தோஷமாக இருப்பதற்கான ஏற்பாடுகளைக் கொண்டு கட்டிய ஊர்கள் இவை. காருக்குள் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிடும் தம்பதி அந்தக் கண்ணாடி மறைப்பைத் தங்களோடு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வானிலையை விற்றவர்களும் இருந்தார்கள். 1908-இல் ரயில் கம்பெனி ஒன்று ஸ்கெக்னஸுக்கு விளம்பரம் போட்டது. குண்டு மீனவர் ஒருவர் மணலில் துள்ளிக் குதிக்கிறார், ஸ்கெக்னஸ் காற்று உடம்புக்குச் சுறுசுறுப்பு தரும் என்கிறது வாசகம். வடகடலிலிருந்து அடிக்கும் குளிர்காற்று பல்லைக் கிட்டவைக்கும் என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. அதை வரைந்த ஜான் ஹசல் அப்போது ஸ்கெக்னஸைப் பார்த்ததே இல்லையாம்.

ஏக்கம் எங்கிருந்து வருகிறது?

நாஸ்டால்ஜியா என்ற சொல் 1688-இல் பிறந்தது. யொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 'வீடு திரும்புதல்', 'வலி' என்ற பொருள்களுள்ள இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து, வெளியூரில் தவிக்கும் சுவிஸ் நாட்டவர்களின் நோய்க்கு இட்ட பெயர் அது. இன்று இடத்தைவிடக் காலத்தை நினைத்து ஏங்குவதையே அது குறிக்கிறது. ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம், வயதுக்குத் திரும்ப முடியாது என்பதுதான் சிக்கல். தமிழில் ஒற்றைச் சொல்லாக ஒன்று நிலைக்கவில்லை. ஆனால் நெய்தல் திணைக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தவர்களிடம், கடற்கரையும் ஏக்கமும் ஏன் சேர்ந்து வருகின்றன என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

சொந்த ஊர் மேல் வரும் ஏக்கத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சொந்த ஊரில் பள்ளிக்கூட அடி, வீட்டுச் சண்டை, நோய் எல்லாம் கலந்திருக்கும். கடற்கரை ஊரிலோ குழந்தை ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டுமே இருந்தது. அந்த ஒரு வாரம் அப்பா மில்லுக்குப் போகவில்லை, அம்மா சமைக்கவில்லை, கையில் செலவுக்குக் காசு இருந்தது. பத்து ஆண்டு போனாலும் மொத்தம் எழுபது நாள்தான். அத்தனையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி நடந்ததால் எல்லாம் சேர்ந்து ஒரே நினைவாகக் கெட்டிப்பட்டுவிடுகிறது. அதனால்தான் சிப்ஸ் மேல் ஊற்றிய வினிகர் வாசம் பட்டதும் அறுபது வயதுக்காரர் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

இது மட்டும் போதாது. நினைவு இருந்தாலும் இடம் மாறிவிட்டால் ஏக்கத்துக்குப் பிடிமானம் இருக்காது. இந்த ஊர்கள் பெரிதாக மாறவில்லை. மரபைக் காக்க வேண்டும் என்று யாரும் விரதம் இருந்து காத்ததால் அல்ல. மாற்றுவதற்குப் பணம் இல்லாமல் போனதால்.

1960-களில் விமானமும் விடுதியும் சேர்த்து ஒரே விலையில் ஸ்பெயின் பயணங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. அங்கே வெயிலுக்கு உத்தரவாதம் உண்டு. பெனிடார்முக்குப் போனவர்கள் அங்கேயும் மீன், சிப்ஸ் கடையைத் தேடினார்கள் என்பது வேறு விஷயம். அதே காலத்தில், ரயில்வே நஷ்டத்தைக் குறைக்க வழி சொன்ன பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து பல கிளை ரயில் பாதைகள் மூடப்பட்டன, பஞ்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடின. மில் போன பின் வேக்ஸ் வாரம் ஏது? வேறு தொழிலுக்கும் இந்த ஊர்கள் எளிதில் தாவ முடியவில்லை. உள்நாட்டு ஊருக்கு நாலு பக்கமும் வாடிக்கையாளர்கள் இருப்பார்கள், கடற்கரை ஊருக்குப் பாதி வட்டம் தண்ணீர். ரயிலும் சாலையும் அங்கே வந்து முடிந்துவிடும். மற்ற நகரங்களில் பழைய கட்டடங்களை இடித்துக் கண்ணாடிக் கடைத்தொகுதிகள் கட்டியபோது, இங்கே 1890-இன் இரும்பு வேலைப்பாடும் 1930-இன் ஐஸ்கிரீம் கடையும் கேட்பாரற்று நின்றன.

பிரைட்டனின் மேற்குப் பியர் இதற்குச் சாட்சி. 1866-இல் திறந்தது, பர்ச்சின் வேலை. 1975-இல் ஆபத்தானது என்று மூடினார்கள். 2003-இல் எரிந்தது. இப்போது கரையிலிருந்து துண்டித்து, கடலுக்குள் கறுத்த எலும்புக்கூடாக நிற்கிறது. மாலையில் அதைப் படமெடுக்க வரும் கூட்டத்தைப் பார்த்தால், சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி விளக்கும் இரைச்சலுமாக இயங்கும் இன்னொரு பியரைவிட இந்தப் பாழுக்குத்தான் ரசிகர்கள் அதிகமோ என்று தோன்றும்.

இந்த அழகில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. நாம் ரசிக்கும் உதிர்ந்த சாயத்துக்குப் பின்னால் ஆட்கள் வாழ்கிறார்கள். ஆளில்லாத பெரிய விடுதிகளை ஒற்றை அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். எசெக்ஸ் கரையில் ஜேவிக் என்ற இடம், லண்டன் தொழிலாளர்கள் கோடைக்கு வந்துபோகக் கட்டிய மரவீடுகளின் குடியிருப்பு. 2010, 2015, 2019, 2025 என்று நான்கு முறை இங்கிலாந்தின் மிகவும் பின்தங்கிய பகுதி என்று அரசுக் கணக்கில் முதலிடம் பிடித்தது. வேலை கோடையில் மட்டும், குளிர்காலத்தில் பாதிக் கடைகளுக்குப் பூட்டு. மார்கேட்டில் பிறந்து வளர்ந்த பதினேழு வயதுப் பையனுக்குப் பழமையின் வசீகரம் என்று பேசினால் அவன் முறைப்பான்.

மார்கேட் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. 2011-இல் அங்கே டர்னர் கலைக்கூடம் திறந்தது. 1920-இல் திறந்த மர ரோலர்கோஸ்டரில் வேகத்தைக் கட்டுப்படுத்த ஓர் ஆள் பெட்டிகளோடு சேர்ந்தே பயணிப்பது வழக்கம். கீழே பழைய பாணி ராட்டினங்கள், பழைய பாணி எழுத்தில் பெயர்ப்பலகைகள். இதெல்லாம் பிடித்துப்போய் லண்டன்காரர்கள் வீடு வாங்கிக் குடியேறுகிறார்கள். அவர்களை உள்ளூரில் 'டி.எஃப்.எல்.' என்பார்கள், லண்டனிலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று அர்த்தம். பாசமாகச் சொல்லும் பெயர் இல்லை. மட்ஃபர்ட் என்ற இடத்தில் தண்ணீர்க் குழாய்கூட இல்லாத கடற்கரை மரக்குடில் ஒன்று வேறு ஊரில் முழு வீடு வாங்கும் விலைக்குப் போகிறது. பணமில்லாததால் தங்கிவிட்ட பழசு, இப்போது பணமுள்ளவர்கள் தேடி வாங்கும் சரக்கு.

பழசு நிஜமாகவே இயங்குவதைப் பார்க்க வேண்டுமானால் நார்ஃபோக்கில் இருக்கும் குரோமருக்குப் போகலாம். பியர் நுனியில் இன்றும் கொட்டகை இருக்கிறது, பாட்டு, நகைச்சுவை, நடனம் என்று பழைய பாணிக் கதம்ப நிகழ்ச்சி நடக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் உயிர்காப்புப் படகு நிலையம்.

லண்டனில் இருந்து ஒரே நாளில் போய்வர சவுத்எண்ட்தான் வசதி. அலை அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் முதல் தடவை பார்க்காமல் போய்விட்டோம். ஒரு மணி நேர ரயில், பிள்ளைகள் வழியெல்லாம் கடல் கடல் என்று கத்திக்கொண்டு வந்தார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தால் கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்புச் சேறு, அதில் சாய்ந்து கிடக்கும் படகுகள், அவற்றுக்கு மேலே ஓர் அர்த்தமும் இல்லாமல் நீண்டுகொண்டே போகும் பாலம். பக்கத்துப் பெஞ்சில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்த பாட்டி எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "போயிருக்கு, திரும்பி வரும். அஞ்சு ஆறு மணி நேரமாகும்" என்றார். சரி என்று நாங்களும் உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சாதத்தைப் பிரித்தோம்.